ஒரு வண்டிக்கு இரண்டு எண்ணெய்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் எஞ்சின் எண்ணெயைப் பற்றிக் கொள்ளும் கவலையிற் பத்திலொரு பங்குகூடக் கியர் எண்ணெயைப் பற்றிக் கொள்வதில்லை. எஞ்சினில் எண்ணெய் குறைந்தால் சிவப்பு விளக்கு எரிகின்றது. அளவுகோலை உருவிப் பார்த்தும் அறிந்துகொள்ளலாம். கியர்ப் பெட்டிக்கும் பின்னச்சின் நடுவேயுள்ள டிபரன்சலுக்கும் அவ்வாறான அறிவிப்பு எதுவுமில்லை. வண்டியின் அடியிற் சேறும் தூசும் படிந்து, ஆண்டுக் கணக்காக ஒருவரும் திறந்து பாராத இரண்டு இரும்புப் பெட்டிகள் அவை. அவை முறையிடத் தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகின்றது.

வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றும் நிலையங்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. பழைய மொறிஸ் மைனர் ஒன்று குழியின்மேல் நிற்கின்றது. வாடகைக்கு ஓடி ஒரு குடும்பத்திற்குச் சோறிடும் வண்டி அது. "கியர்ப் பெட்டிக்கும் டிபரன்சலுக்கும் நல்ல தொண்ணூறாப் பார்த்து விடு, தம்பி" என்கிறார் சாரதி. தம்பியும் ஒரே தகரத்திலிருந்து இரண்டு பெட்டிகளையும் நிரப்பி மூடுகின்றான். செலவிலே சிக்கனம் பாராது தடித்த எண்ணெயாகப் போட்ட திருப்தி சாரதிக்கு. மறுநாட் காலையிற் கியர் சற்று இறுக்கமாக விழுகின்றது. புது எண்ணெய், இரண்டு நாளிற் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார். மாதங்கள் செல்லச் செல்ல இரண்டாம் கியர் விழும்போது கரகரவென்ற ஓசை எழுகின்றது. கிளச்சைத் திருத்துகிறார், பின்பு கிளச்சின் தட்டையே மாற்றுகிறார். ஓசை நிற்பதாயில்லை. குறை கிளச்சில் இருந்தாலன்றோ நிற்பதற்கு?

அந்த வண்டியின் கைநூல் அவரிடம் இருந்திருந்தால் வியப்பான செய்தியொன்றை அதிற் கண்டிருப்பார். 1956 முதல் 1971 வரை செய்யப்பட்ட மொறிஸ் மைனர் 1000 வண்டியின் கியர்ப் பெட்டிக்குக் கியர் எண்ணெயே வேண்டியதில்லை. எஞ்சினுக்கு ஊற்றும் அதே எண்ணெய்தான் அதற்கும் விதிக்கப்பட்டது. கொள்ளளவு இரண்டேகால் பைந்து. பின்னச்சுக்கோ ஒன்றரைப் பைந்து, அதுவும் ஹைப்போயிட் எனப்படும் தனிவகையான 90ஆம் எண் எண்ணெய். சில அடி இடைவெளியில் ஒரே தண்டினால் இணைக்கப்பட்டு, ஒரே எஞ்சினின் ஆற்றலைச் சுமக்கும் இரண்டு பெட்டிகள் இவ்வாறு வெவ்வேறு எண்ணெயைக் கேட்பானேன்?

எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய் என்பதிலிருந்து பிறந்தது. மாட்டு வண்டிக் காலத்தில் வைக்கோற்கரியை எண்ணெயிற் குழைத்து அச்சிற் பூசினார்கள். மரக்குடத்துள் இரும்பச்சு மெல்லச் சுழலுமிடத்திற்கு அது போதுமாயிருந்தது. அங்கே அந்தக் குழம்பு செய்த வேலை ஒன்றே: உரசும் இரு பரப்புகளையும் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைத்தல். இன்றைய எண்ணெய் செய்யும் முதல் வேலையும் அதுவே. இரண்டு உருக்குப் பற்கள் ஒன்றையொன்று அழுத்தும்போது அவற்றிடையே நிற்கும் எண்ணெய்ப் படலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவே இருக்கும். அது நிற்கும்வரை பற்களுக்குத் தேய்வு மிகக் குறைவு. அது கிழியுமானால் உருக்கு உருக்கைத் தொடும். தொட்ட புள்ளி கொதித்து ஒட்டிக்கொள்ளும். சுழற்சி அதனைப் பிய்த்தெறியும். பல்லின் முகத்தில் விழும் கீறல்கள் அவ்வாறு வந்தவையே.

இனி, எல்லாப் பற்களும் ஒரே விதமாக அழுத்துவதில்லை. அம்மியில் அரைக்கும் பெண்ணின் கையைக் கவனித்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. குழவியை அம்மியின்மேல் உருட்டிச் செல்லும்போது பாரம் முழுவதும் அதன்மேல் இருந்தாலும் உராய்வு சிறிதே. அதே குழவியை உருளவிடாது அழுத்திப் பிடித்து இழுத்தாற் கல்லே தேயும். கியர்ப் பெட்டியிலுள்ள பற்சில்லுகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமான தண்டுகளிற் சுழல்கின்றன. அவற்றின் பற்கள் பெரும்பாலும் உருளுகின்றன, சிறிதே வழுக்குகின்றன. எண்ணெய்ப் படலத்திற்கு அங்கே பெருஞ் சோதனை இல்லை. ஆகையாலேயே மெல்லிய எஞ்சின் எண்ணெயும் மைனரின் பெட்டிக்குப் போதுமாயிற்று.

டிபரன்சலின் கதை வேறு. பாடசாலை மைதானத்தில் மாணவர்கள் நால்வர் நால்வராக அணிவகுத்துத் திரும்புவதைப் பார்த்தால், உள்ளே நிற்பவன் நின்ற இடத்திலேயே கால்மிதிக்க, வெளியோரத்தவன் நெடிய அடிவைத்து ஓட வேண்டியிருப்பதைக் காணலாம். வளைவிலே திரும்பும் வண்டியின் இரு பின்சில்லுகளுக்கும் அதே நிலைதான். இரண்டும் தத்தம் வேகத்திற் சுழல இடங்கொடுப்பது டிபரன்சலின் ஒரு வேலை. முன்னும் பின்னுமாகக் கிடக்கும் தண்டின் சுழற்சியைச் செங்கோணமாகத் திருப்பிச் சில்லுகளுக்குக் கொடுப்பது அந்தப் பெட்டியின் மற்ற வேலை. தேய்வெல்லாம் இந்த இரண்டாவது வேலையிலேதான். பினியன் என்னும் சிறு பற்சில்லு, கிறவுண் வீல் என்னும் பெரிய பற்சில்லைத் தள்ளுகின்றது. 1962க்குப் பிந்திய மைனரிற் பினியன் ஏறக்குறைய நாலேகால் முறை சுற்றினாற் கிறவுண் வீல் ஒருமுறை சுற்றும். அத்தனை பாரமும் ஓரிரு பற்களின் முகத்திலே விழுகின்றது.

பழைய வண்டிகளிற் பினியனின் அச்சு கிறவுண் வீலின் நடுமையத்தை நோக்கி நேரே அமைந்திருந்தது. 1926இல் அமெரிக்கப் பக்காட் நிறுவனம் பினியனை மையத்திற்குக் கீழே இறக்கி அமைத்த புதுமுறைப் பின்னச்சைத் தன் வண்டிகளிற் புகுத்தியது. இதுவே ஹைப்போயிட் அமைப்பு. தண்டு தாழ்ந்தது, அதனால் வண்டியின் தளமும் தாழ்ந்தது, பற்கள் பெரிதாகி வலுவும் பெற்றன, ஓசையும் அடங்கியது. ஆனாற் கொடுத்த விலையும் ஒன்றுண்டு. மையம் விலகிய பினியனின் பல், எதிர்ப் பல்லின் மேல் உருளுவதோடு நில்லாது அதன் நீளம் முழுதும் அழுந்தி இழுபடுகின்றது. அம்மியிலே அழுத்தி இழுத்த குழவியின் நிலை இதுதான். சாதாரண எண்ணெய் எவ்வளவு தடித்ததாயினும் இங்கே படலமாக நிற்க இயலாது.

எண்ணெய் தோற்ற இடத்தில் இரசாயனம் துணைக்கு வந்தது. கந்தகமும் பொசுபரசும் கொண்ட சேர்மங்களை எண்ணெயிற் கலந்தார்கள். சாதாரண வெப்பத்திற் சும்மா கிடக்கும் இச்சேர்மங்கள், படலம் கிழிந்து உருக்கு உருக்கைத் தொட்டுச் சூடேறும் நுண்ணிய புள்ளிகளில் விழித்தெழுந்து, இரும்போடு சேர்ந்து மெல்லிய பூச்சொன்றை உண்டாக்குகின்றன. பல்லுக்குப் பதிலாக அந்தப் பூச்சே தேய்ந்து உதிர்கின்றது. உதிர்ந்த இடத்தில் மறுபடியும் உண்டாகின்றது. கியர் எண்ணெய்த் தகரத்தைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் பெரும்பாலும் இக்கந்தகச் சேர்மங்களின் நாற்றமே.

உருக்குக்கு மருந்தான இது வேறொரு உலோகத்திற்கு நஞ்சாகக்கூடும் என்பதிலேதான் நம் சாரதியின் துன்பம் தொடங்குகின்றது. செப்புப் பாத்திரம் கறுப்பதைக் கண்டவர்கள் கந்தகத்திற்கும் செம்புக்கும் உள்ள உறவை அறிவார்கள். வெண்கலமும் பித்தளையும் செம்பிற் பிறந்தவை. டிபரன்சலின் பாரத்தைச் சுமக்கும் பற்கள் முழுவதும் உருக்கு. கியர்ப் பெட்டியிலோ மஞ்சள் உலோகம் பல இடங்களில் உண்டு. அவற்றுள் முதன்மையானது சிங்குறோ வளையம்.

1928இற் கடிலாக் வண்டியில் முதன்முதலாகச் சிங்குறோ அமைப்பு வந்தது. அதற்குமுன் கியர் மாற்றுவது ஒரு வித்தையாக இருந்தது. கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சினின் வேகத்தைச் செவியால் அளந்து, இரு பற்சில்லுகளும் ஒரே வேகத்திற்கு வந்த கணத்தில் நெம்புகோலைத் தள்ளவேண்டும். மைனரின் முதற் கியருக்கு அவ்வமைப்பு இல்லாமையால், அதனை ஓட்டிப் பழகிய முதியவர்களுக்கு இவ்வித்தை இன்றும் மறந்திராது. சிங்குறோ வளையம் இவ்வேலையைத் தானே செய்கின்றது. கூம்பு வடிவான உருக்கின்மேல் அழுந்தி, உராய்ந்து, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்திச் சமப்படுத்துகின்றது. உண்மையில் அது ஒரு சிறு பிறேக்கு.

பிறேக்குக்கு வழுக்கும் எண்ணெய் ஆகுமா? வளையத்திற்கும் கூம்பிற்கும் இடையிலுள்ள எண்ணெய் விரைவில் வழிந்தோடி, ஓரளவு உராய்வுக்கு இடந்தர வேண்டும். டிபரன்சலுக்கெனச் செய்த எண்ணெய் அங்கே இருமடி தீங்கு செய்யலாம். தடிப்பினாலும் வழுக்குந் தன்மையினாலும் வளையம் பிடிக்காது போகின்றது; அதற்குமேல், எண்ணெயின் வகையைப் பொறுத்துக் கந்தகம் வளையத்தை மெல்ல அரிக்கவுங் கூடும். சாரதி கேட்ட கரகரப்பு, வேகம் சமப்படுமுன் பற்கள் மோதிய ஓசையே.

எல்லா டிபரன்சல் எண்ணெயும் வெண்கலத்தைத் தின்றுவிடும் என்று சிலர் கூறுவது மிகை. இக்காலத்து எண்ணெய்களிற் பலவற்றிற் செம்பைக் காக்கும் பொருள்களும் கலக்கப்படுகின்றன. மெருகிட்ட செப்புத் தகடொன்றை நூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் மூன்று மணி நேரம் எண்ணெயில் அமிழ்த்தி, அதன் நிறமாற்றத்தைப் படிமத் தகடுகளோடு ஒப்பிடும் சோதனை இதற்கென உண்டு. ஆயினும் அரிப்பு இல்லை என்பதனால் மட்டும் உராய்வு சரியாக இருக்கும் என்று கொள்ளலாகாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவோர் மெக்கானிக்குகளிலும் உண்டு.

தகரத்தின்மேல் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்தால் இக்குழப்பத்திற் பாதி நீங்கிவிடும். அங்கே இரண்டு செய்திகள் இருக்கும். பலர் ஒன்றை மட்டுமே வாசிக்கிறார்கள். முதலாவது ஜீ.எல். என்ற எழுத்துகளோடு வரும் எண். அமெரிக்கப் பெற்றோலியக் கழகம் வகுத்த இவ்வரிசை, ஜீ.எல்.1 எனப்படும் வெறும் கனிய எண்ணெயிலிருந்து தொடங்குகின்றது. இன்று சாதாரண வண்டிக்காரருக்கு வேண்டியவை இரண்டே. ஜீ.எல்.4 நடுத்தர அழுத்தத்திற்குரியது. கியர்ப் பெட்டிகளிற் பெரும்பாலானவை கேட்பது இதனையே. ஜீ.எல்.5 ஹைப்போயிட் பற்களின் கடும் அழுத்தத்திற்குரியது. கந்தக பொசுபரசுச் சேர்மங்கள் அதில் ஏறக்குறைய இருமடங்கு இருக்கும். ஐந்து நான்கைவிடப் பெரிது, ஆகவே மேலானது என்று எண்ணுவது, ஐந்தாம் வகுப்புப் புத்தகம் நான்காம் வகுப்பு மாணவனுக்கு இன்னும் நல்லது என்பதை ஒக்கும்.

இரண்டாவது செய்தி தடிப்பைக் குறிப்பது. 90, 140, 80 டபிள்யூ 90, 75 டபிள்யூ 80 என்றவாறு அது வரும். அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் எஞ்சின் எண்ணெய்க்கு ஓர் அளவையும் கியர் எண்ணெய்க்கு வேறோர் அளவையும் வைத்தமையால் நேர்ந்த மயக்கம் கொஞ்சமன்று. 90 என்ற எண்ணைக் கண்டு, 40ஆம் எண் எஞ்சின் எண்ணெயைப் போல் இருமடங்குக்கு மேலே தடித்தது இது என்று நினைப்பார்கள். நூறு பாகை வெப்பத்தில் அளந்து பார்த்தால், 90ஆம் எண் கியர் எண்ணெயும் 40 அல்லது 50ஆம் எண் எஞ்சின் எண்ணெயும் ஏறக்குறைய ஒரே தடிப்பானவை. இரு வேறு முழக்கோல்களால் அளந்த ஒரே சீலை என்று வைத்துக்கொள்ளலாம்.

டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்வரும் எண் குளிரிலே எண்ணெய் இளகும் தன்மையைக் காட்டுவது. 80 டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 26 பாகையிலும் இயங்கத்தக்கது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதற்கு வேலையில்லை. தைமாத விடியலில் எப்போதாவது புல்லின்மேல் உறைபனி படியும் நுவரெலியாவிலுங்கூட அவ்வளவு குளிர் இல்லை. இங்கே கவனிக்கவேண்டியது பின்வரும் எண்ணையே. நாடு வெப்பமானது என்பதற்காக எல்லாவற்றிற்கும் 140 ஊற்றும் வழக்கம் பாரமான லொறிகளின் பின்னச்சுக்குச் சில வேளை பொருந்தும், அதுவும் கைநூல் சொன்னால். சிறு வண்டிகளில் அது பற்களைக் காப்பதைவிடத் தன்னைத்தானே கடைந்து சூடேறி எரிபொருளை வீணாக்குவதே மிகுதி.

ஆனாலும் எந்தப் பொதுவிதியையும்விட அந்தந்த வண்டியின் கைநூலே மேல். உதாரணங்கள் பல. 1959இல் வந்த மினி வண்டியிற் கியர்ப் பெட்டி எஞ்சினுக்கு அடியிலேயே அமைந்து, இரண்டும் ஒரே எண்ணெயிற் குளிக்கின்றன. முன்சில்லுகளால் இழுக்கப்படும் இன்றைய சிறு கார்கள் பலவற்றிற் கியர்ப் பெட்டியும் டிபரன்சலும் ஒரே கூட்டினுள்ளே உள்ளன. எஞ்சின் குறுக்காகக் கிடப்பதாற் சுழற்சியைச் செங்கோணமாகத் திருப்பும் தேவையே இல்லை; ஹைப்போயிட் பற்களும் இல்லை. ஆகவே ஒரே மெல்லிய எண்ணெய், பெரும்பாலும் ஜீ.எல்.4, இரண்டிற்கும் போதும். ஹொண்டா நிறுவனம் தன் கைக்கியர் வண்டிகளுக்கெனத் தனி எண்ணெயொன்றைக் குறிக்கின்றது. அதன் பழைய கைநூல்கள் எஞ்சின் எண்ணெயையே குறித்தன. டொயோட்டா ஹயேஸ் வான்கள் பலவற்றின் கியர்ப் பெட்டிக்கு ஜீ.எல்.4, ஜீ.எல்.5 ஆகிய இரண்டில் எதனையும் ஊற்றலாம் என்றிருக்க, பின்னச்சுக்கு ஜீ.எல்.5 ஒன்றே கூறப்படுகின்றது. இவற்றுக்கெல்லாம் மாறாக, 1960இல் வெளிவந்த பெஜோ 404 வண்டியின் பின்னச்சிலே திருகாணி போன்ற உருக்குத் தண்டு வெண்கலச் சில்லொன்றைச் சுழற்றுகின்றது. பின்னச்சுக்கு ஹைப்போயிட் எண்ணெய் என்ற பொதுவிதியை அங்கே கைக்கொண்டால் அந்த வெண்கலம் பாழாகும்.

பிழை எதிர்ப்பக்கமாக நேருமானால் விளைவு இன்னும் விரைவானது. ஹைப்போயிட் பின்னச்சில் வெறும் எஞ்சின் எண்ணெயை ஊற்றி மலையேறினால், முதலில் நாற்பது மைல் வேகத்தில் ஒரு மெல்லிய ஊளை கேட்கும். பின்பு அது எல்லா வேகத்திலும் கேட்கும். கிறவுண் வீலும் பினியனும் சோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றவேண்டும். பழைய வண்டிகளை விற்போர் சிலர் இவ்வூளையை மறைக்க டிபரன்சலுக்குள் மரத்தூள் இட்ட கதைகள் பல நாடுகளில் உண்டு. ஊளைக்கு மருந்தாக 140 ஊற்றுவதும் ஏறக்குறைய அதே தரத்துச் சிகிச்சைதான்.

கியர்ப் பெட்டியின் குறையை வெறும் ஓசை என்று தள்ளிவிடுதற்கும் இல்லை. இறம்பொடைப் பாதையிற் பாரமேற்றிய வானொன்று இறங்கும்போது, மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்ற முயன்று, கியர் விழாமல் நடுவிலே நின்றுவிட்டால், அக்கணத்தில் அவ்வண்டியைத் தாங்குவது பிறேக்கு மட்டுமே. அந்தப் பிறேக்கும் இறக்கம் முழுவதும் மிதித்துச் சூடேறியிருக்கும்.

பணத்தின் கணக்கும் சிறிதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025இன் தொடக்கத்திலேதான் மறுபடியும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வண்டிகளே நாட்டை இழுத்தன. அவற்றிற் பல இன்னும் ஓடுகின்றன. 1990களிற் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளைச் சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு, ஒரு வண்டியை எத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கலாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எண்ணெயை மாற்றும் முறையிலும் சிலவற்றைக் கவனித்தல் வேண்டும். வண்டி சற்று ஓடி எண்ணெய் சூடாயிருக்கும்போதே வடிப்பது நன்று. அழுக்கு அடியிற் படியாமல் எண்ணெயோடு வெளியேறும். வடிக்கும் மூடியைத் தொடுமுன் நிரப்பும் மூடி திறபடுகின்றதா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். துருவேறிய மேல்மூடி அசைய மறுக்க, கீழ்மூடியைத் திறந்து முழுவதையும் வடித்துவிட்டு வெறும் பெட்டியோடு நிற்பவரின் நிலை நகைப்புக்குரியதாயினும், அவருக்கு அது நகைப்பன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்றுவதே பெரும்பாலான வண்டிகளுக்கு அளவு. பின்னச்சில் மிகையாக ஊற்றிய எண்ணெய் ஓரங்களிற் கசிந்து பிறேக்கு உருளைக்குள் இறங்கும்.

வடித்த எண்ணெயை உடனே கொட்டிவிடாது வெள்ளைத் தட்டொன்றிற் சிறிது ஊற்றி வெயிலிற் பார்த்தால் அது பலவற்றைக் கூறும். கறுத்திருத்தல் ஒரு குறையன்று. காந்த மூடியில் நரைமயிர் போல ஒட்டியிருக்கும் நுண்தூள், ஓடிய வண்டிக்கு இயல்பானது. விரலுக்கு உறுத்தும் சில்லம் உருக்குப் பல் உடைவதன் அடையாளம். கியர்ப் பெட்டி எண்ணெயிற் பொன்தூள் போல மின்னுவது சிங்குறோ வளையத்தின் வெண்கலம். எண்ணெய் பால் கலந்த தேநீர் போலிருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கின்றது. மாரி வெள்ளத்தினூடு சென்ற வண்டிகளில் இது நிகழும். சூடான பின்னச்சு நீரில் அமிழ்ந்து திடீரெனக் குளிர, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, மேலேயுள்ள மூச்சுத் துளையினூடாக வெள்ளத்தையே உறிஞ்சிக்கொள்கின்றது. அவ்வாறு ஓடிய வண்டியின் பின்னச்சைத் தவணை நாள்வரை காத்திராது அந்த வாரத்திலேயே திறந்து பார்த்து, பால்நிறம் கண்டால் முழுவதையும் வடித்து மாற்றிவிட வேண்டும்.